அப்பா எதற்குக் காசு கொடுத்தார்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் அவருடைய மூத்த மகளாகிய நான் கைகூப்பி இதை எழுதுகிறேன். தம்பிமார் இருவரும், "அக்கா, நீங்கதான் எழுதணும்" என்று சொல்லிவிட்டார்கள். எழுத உட்கார்ந்தபோது கொஞ்சம் திகைத்தேன். அப்பா எந்தச் சங்கத்திற்கும் தலைவராக இருந்தவர் அல்லர். எந்தக் கோயில் கல்லிலும் அவர் பெயர் இல்லை. டிராம் ஓட்டினார், குடும்பம் நடத்தினார், அவ்வளவுதான். ஆனால் அவரை அறிந்த நான்கு பேர் ஓரிடத்தில் கூடினால் பேச்சு எப்படியோ ஒரே விஷயத்துக்கு வந்துவிடும். அவர் எதற்குக் காசு கொடுத்தார், எதற்குக் கொடுக்க மறுத்தார் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஆகையால் நானும் அதையே எழுதுகிறேன்.

அப்பா நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஒரு சிற்றூரில் பிறந்தவர். ஒரே மழைக்காலத்தில் வாந்திபேதி அவருடைய தாய் தந்தை இருவரையும் கொண்டு போயிற்று. மீசை அரும்பும் வயதில் தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணி ஒருவர் பின்னால் மலாயாவுக்குக் கப்பலேறினார். கப்பலில் பக்கத்தில் படுத்திருந்தவர் தம்முடைய கம்பளியில் பாதியை இவருக்குக் கொடுத்தாராம். அவரைத்தான் நாங்கள் பிள்ளைப் பருவம் முதல் 'கப்பல் மாமா' என்று அழைக்கிறோம். இருவரையும் ஒரே ஒப்பந்தத்தில் நிபோங் திபால் பக்கத்துக் கரும்புத் தோட்டம் ஒன்றில் சேர்த்தார்கள்.

தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி அப்பா அதிகம் பேசமாட்டார். அடி உதையைப் பற்றிக்கூடச் சொன்னதில்லை. ஒன்றை மட்டும் பலமுறை சொல்லியிருக்கிறார். அரிசி, கருவாடு, புகையிலை எல்லாம் தோட்டத்துக் கடையிலேயே வாங்க வேண்டும். அந்தக் கடைக்காரர் எந்த அரிசியைக் கொட்டுகிறாரோ அதுதான் அரிசி. சம்பள நாளில் அதற்கெல்லாம் பிடித்தது போக ஏதோ கையில் விழும். "எனக்குக் கத்தரிக்காய் பிடிக்குமா, வெண்டைக்காய் பிடிக்குமான்னே எனக்குத் தெரியாது. யாரும் கேட்டதில்ல, நானும் நெனச்சுப் பார்த்ததில்ல" என்பார்.

ஒப்பந்தம் முடிந்ததும் கப்பல் மாமா தோட்டத்திலேயே தங்கிவிட்டார். அப்பா பிறை என்னும் துறைக்கு வந்து படகேறிப் பினாங்குக் கரையில் இறங்கினார். இறங்கிய உடனே அவர் செய்த முதல் காரியம் ஒரு குடை வாங்கியது. அன்று வானத்தில் ஒரு மேகமும் இல்லை. தோட்டத்தில் துரை குதிரையில் வரும்போது கூலியாட்கள் விரித்த குடையை மடக்கிவிட வேண்டும். கொட்டுகிற மழையிலும் அப்படித்தான். அப்பா புதுக் குடையை விரித்துக்கொண்டு, துறைமுகத்திலிருந்து பட்டணத்துக்குள் வெயிலில் நடந்தார். அன்றைய சாப்பாட்டுக்குக் காசு குறைந்து போயிற்று. வெறும் ரொட்டியும் தேத்தண்ணீருமாகப் பொழுதை ஓட்டினாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தத்தின் நிழல்கூட இருக்காது.

அப்போது பட்டணத்தில் மின்சார டிராமுக்குத் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கல் உடைக்கச் சேர்ந்தார். பிறகு தண்டவாளம் துடைப்பவர், பிறகு டிக்கட் கிழிப்பவர், கடைசியில் டிராம் ஓட்டுபவர். டிராமின் முன்பக்கம் நின்று மணியடித்தபடி மலையடிவாரத்து ஆயர் ஈத்தாம் வரைக்கும் போய்த் திரும்புவதை ஒரு நாளும் அவர் வேலை என்று சொன்னதில்லை. "போய்ட்டு வரேன்" என்பார், உலாவப் போகிறவர் போல.

அம்மா பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர். பாசாரில் நான்கு கடை ஏறி இறங்கி, ஒரு காசு குறைத்து வாங்கினால்தான் அம்மாவுக்கு அன்றைய குழம்பு ருசிக்கும். திருமணமான புதிதில் இருவருக்கும் நடந்த முதல் சண்டை கீரைக்காகத்தான். கூடையில் கீரை சுமந்து வரும் ஓர் அம்மாளிடம் அம்மா பேரம் பேசிப் பாதி விலைக்கு முடித்து வைத்திருக்க, உள்ளிருந்து வந்த அப்பா முழு விலையையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"நான் இவ்வளவு நேரம் தொண்டை கிழியப் பேசினேனே, என் பேச்சுக்கு என்ன மரியாதை?" என்று அம்மா கேட்டார்.

"பெரிய கடையில நீ எவ்வளவு வேணாலும் பேசு. நானும் கூட வந்து பேசுறேன். தலையில சுமந்து வர்றவங்ககிட்ட மட்டும் வேணாம்."

அப்பா சொன்னபடியே செய்தார். பெரிய துணிக்கடைகளில் அவர் பேசும் பேரத்தைக் கேட்டால் அம்மாவே வெட்கப்பட்டு வெளியே வந்து நின்றுகொள்வாராம். தெருவில் சுமந்து விற்பவர் யாரிடமும் அவர் விலை குறைத்துக் கேட்டதே இல்லை.

ஆனால் அப்பா சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது என்று எழுதினால் அம்மா என்னைச் சும்மா விடமாட்டார். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா மல்லிகைச் சரம் வாங்குவார். அப்பா ஒரு நாள், "காலையில வாங்குறது சாயங்காலம் வாடிப்போகுது, இது வீண் செலவுதானே" என்று சொல்லிவிட்டார். அம்மா பூவைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"மழையே இல்லாத நாள்ல குடை வாங்கினீங்களே, அது என்ன செலவு?"

அடுத்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது வாழையிலையில் பொதிந்த பூ அவர் கையில் இருந்தது. அதற்குப் பிறகு, கடைசியாகப் படுக்கையில் விழும் வரை, வெள்ளிக்கிழமைப் பூவை அம்மா தம் கையால் வாங்கியதே இல்லை.

ரிக்‌ஷா விஷயத்திலும் அவர் ஒரு முறை தோற்றார். மனிதனை மனிதன் இழுத்துச் செல்வதைப் பார்த்தால், தாம் கரும்பு வண்டி இழுத்தது அவருக்கு ஞாபகம் வந்துவிடும். எவ்வளவு தூரமானாலும் நடப்பார். எங்கள் வீட்டு முனையில் வழக்கமாக நிற்கும் சீன ரிக்‌ஷாக்காரர் வயதானவர். அப்பா தினமும் தம்மைக் கடந்து நடந்து போவதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் மலாயில் கேட்டார்: "நீ நல்ல மனுசன்னு எல்லாரும் சொல்றாங்க. நல்ல மனுசன் ஏறலேன்னா நான் எதைச் சாப்பிடறது?" அப்பா ஏறி உட்கார்ந்தார். அதிலிருந்து சம்பள நாளில் அந்த ரிக்‌ஷாவில்தான் வீடு திரும்புவார். ஆனால் மேடு வருமிடத்தில் இறங்கிக் கூடவே நடப்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ரிக்‌ஷாக்காரரும் சிரிப்பார், அப்பாவும் சிரிப்பார்.

எனக்கும் முதல் தம்பிக்கும் இடையே ஒரு பெண் குழந்தை பிறந்து ஆறு மாதத்தில் காய்ச்சலில் இறந்தாள். செலவை எண்ணி, நல்ல டாக்டரிடம் காட்டுவதா வேண்டாமா என்று ஒரு நாள் தயங்கிவிட்டதை அப்பா மறக்கவில்லை. அதற்குப் பின் எங்கள் வீட்டில் மருந்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் யோசிப்பது என்ற பேச்சே எழுந்ததில்லை. பெண்பிள்ளையாகிய என்னையும் தம்பிமாரைப் போலவே படிக்க வைத்தார். "கட்டிக் குடுக்கிற பொண்ணுக்கு எதுக்குப் பள்ளிச் சம்பளம்?" என்று கேட்டவர்களிடம், "அவ எனக்குக் கடுதாசி எழுதணும்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கடிதம் எழுதும் அளவுக்கு நான் தொலைவில் வாழ்க்கைப்படவில்லை. அந்தப் படிப்பு இந்த மலருக்கு உதவியிருக்கிறது.

இனி என் திருமணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவை நான் சரியாகத் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்த சமயம் அது. டிராமிலும் சம்பளத்தைக் குறைத்திருந்தார்கள். அதற்கு முன்பே என் திருமணத்துக்கென்று அப்பா பணம் சேர்த்து வைத்திருந்தார். மாப்பிள்ளை துறைமுகப் பட்டறையில் பிட்டர். அந்நாளில் பினாங்கில் கொஞ்சம் வசதியுள்ள நம்மவர் வீட்டுத் திருமணம் என்றால் பூ அலங்காரம் செய்த மோட்டார் கார், பேண்டு வாத்தியம், பந்தல் முழுவதும் மின்விளக்கு, மறுநாளும் விருந்து என்று இருக்கும். எனக்கும் அவை எல்லாவற்றின் மேலும் ஆசை இருந்தது. குறிப்பாகக் காரில் போக வேண்டும். என்னோடு படித்த இருவர் காரில்தான் போயிருந்தார்கள்.

முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது கப்பல் மாமாவின் குடும்பம் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் இருந்த தோட்டம் கரும்பை விட்டு ரப்பருக்கு மாறி வெகு காலம் ஆகியிருந்தது. இப்போது அங்கிருந்து பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பும் கப்பலுக்காக, தம் மனைவியாகிய அத்தையோடும் மூன்று பிள்ளைகளோடும் ஒரு கொட்டகையில் காத்திருந்தார். ஊரில் அவர்களுக்கு யாரும் இல்லை என்பது அப்பாவுக்குத் தெரியும்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் அப்பா என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார்.

"பாப்பா, கல்யாணத்துக்குன்னு வச்சிருக்கிறது உன் பணம். அதுல நான் கை வைக்க மாட்டேன். ஆனா கேக்குறேன். கப்பல் மாமா இங்கேயே ஒரு பொழப்ப ஆரம்பிக்க ஏதாவது செய்யணும்னு எனக்கு ஆசை. கார், பேண்டு, விளக்கு, ரெண்டாம் நாள் விருந்து, இதுல எது இல்லேன்னா பின்னாடி நெனச்சு நெனச்சு வருத்தப்படுவே?"

"எல்லாம்தான்" என்றேன் நான். அப்படியே சொன்னேன். மறைக்க விரும்பவில்லை.

"சரிம்மா" என்று அப்பா எழுந்தார். முகம் சுளிக்கவில்லை, குரலில் மாற்றமில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "அப்ப இன்னைக்கே கார்க்காரர்கிட்ட முன்பணம் குடுத்துடறேன், நல்ல காரா பார்த்து" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று பகல் முழுவதும் எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. அம்மாவிடம் போய் நின்றேன். "அவரு பொய்யாக் கேக்க மாட்டாரு. நீ வேணும்னு சொன்னா வேணும்தான். போய் அத்தைக்கு இந்தச் சோத்தைக் குடுத்துட்டு வாலா" என்று தூக்குப் பாத்திரத்தை என் கையில் கொடுத்தார்.

கொட்டகையில் நூறு பேராவது இருந்திருப்பார்கள். அத்தை ஓர் ஓரத்தில் உட்கார்ந்து சின்ன மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சீப்பைக் கீழே போட்டுவிட்டு இரு கைகளாலும் என் முகத்தைப் பிடித்தார்.

"கல்யாணப் பொண்ணு இங்கெல்லாம் வரலாமா? என்ன சேலை எடுத்தீங்க? சரிகை எவ்வளவு அகலம்?"

சொன்னேன்.

"மேளம் உண்டா?"

"மேளமும் உண்டு, பேண்டும் உண்டு அத்தை."

"பேண்டா? இந்தப் பிள்ளைங்க பேண்டே கேட்டதில்ல. கப்பல் அதுக்கு முன்னாடி வந்துடக் கூடாதேன்னு வேண்டிக்கிறேன்."

அவர் தம்மைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கிளம்பும்போது மூட்டையை அவிழ்த்து, பழைய துணியில் முடிந்திருந்த இரண்டு வெள்ளி மெட்டிகளை எடுத்துக் காட்டினார். என் திருமணத்துக்காக வைத்திருந்தாராம். மற்றதையெல்லாம் விற்றுவிட்டவர் அதை மட்டும் விற்கவில்லை.

வீட்டுக்கு நேரே போகாமல் டிராம் திரும்பும் இடத்துக்கே போய் நின்றேன். அப்பா இறங்கி வந்தார், என்னவோ ஏதோ என்று பயந்தவராக.

"அப்பா, பேண்டு மட்டும் போதும்."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லல. பேண்டு எனக்கு வேணும். அது இல்லேன்னா நான் அழுவேன். கார் இல்லேன்னா அழமாட்டேன்."

"நல்லா யோசிச்சியா?" என்றார் அப்பா. தலையாட்டினேன். "அப்ப நல்ல பேண்டா புடிப்போம்" என்று சொல்லிவிட்டு டிராமில் ஏறி மணியடித்தார்.

ஆனால் காரியம் அத்தோடு முடியவில்லை. கார் இல்லை என்ற செய்தி மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குத் திருமணத்துக்கு மூன்று நாள் முன்புதான் எட்டியது. நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"எங்க பிள்ளை கோயில்லேர்ந்து ஆயர் ஈத்தாம்ல எங்க வீடு வரைக்கும் எதுல வரும்? நடந்தா?"

"டிராம்ல" என்றார் அப்பா.

"டிராம்லயா? கூலிக்காரன், காய்கறிக் கூடை, அதுங்களோடவா? ஊரு சிரிக்காதா? பணம் இல்லேன்னா சொல்லுங்க, நாங்க வச்சுக்கிறோம் காரை."

"பணம் இருந்துச்சு. வேற ஒண்ணுக்குக் குடுத்துட்டோம், பொண்ணைக் கேட்டுட்டுத்தான்." அப்பா குரலை உயர்த்தவில்லை. "உங்களுக்குக் குறையா இருந்தா மன்னிக்கணும். அதுக்காக நீங்க செலவு பண்ண வேணாம்."

"அப்ப இந்தச் சம்பந்தத்தை நாங்க யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

அந்த இரண்டு நாளும் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பாவும் கலங்கிப்போனார். "உன் விஷயத்துல தப்புப் பண்ணிட்டேனா பாப்பா?" என்று என்னிடமே கேட்டார். ஆனாலும் கொடுத்ததைத் திரும்ப வாங்கலாம் என்று அப்பா, அம்மா, நான் என்ற மூவரில் ஒருவர் வாயிலும் வரவில்லை.

முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் காலை மாப்பிள்ளையே, அதாவது என் கணவர், பட்டறை உடுப்போடு எங்கள் வாசலில் வந்து நின்றார். என்னை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. அப்பாவிடம் மட்டும் பேசினார்.

"எங்க மாமா பேசினது காதுல விழுந்துச்சு. நான் தினம் டிராம்லதான் வேலைக்குப் போறேன், பாதி நாள் நீங்கதான் ஓட்டுறீங்க. நாளைக்கு மட்டும் எனக்கு என்ன கொம்பா முளைக்கப் போவுது? மாமா வருவாரு. முகத்தை உம்முன்னு வச்சுக்கிட்டு வருவாரு, கண்டுக்காதீங்க."

அவர் சொன்னபடியேதான் நடந்தது. மறுநாள் கோயிலிலிருந்து பேண்டு வாசித்தபடி டிராம் நிறுத்தம் வரை வந்தோம். அன்று டிராம் ஓட்டியவரும் டிக்கட் கிழிப்பவரும் அப்பாவோடு வேலை செய்கிறவர்கள். "அண்ணே, உங்ககிட்டயா காசு வாங்குறது, உள்ள போங்கலா" என்றார்கள். அப்பா, எத்தனை பேர் ஏறினோமோ அத்தனை பேருக்கும் டிக்கட் கிழிக்கச் சொல்லி முழுக் காசையும் கொடுத்தார். பேண்டுக்காரர் நான்கு பேர் எங்களோடு ஏறிக்கொண்டு வழி முழுவதும் வாசித்தார்கள். கடைகளிலிருந்து ஆட்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். காய்கறிக் கூடையோடு ஏறிய சீனப் பெண்மணி ஒருவர் என் மடியில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்தார். அத்தையின் பிள்ளைகள் மூவரும் பேண்டுக்காரர் காலடியிலேயே உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்டார்கள். கூட்டத்தில் என் தோளைத் தொட்ட அத்தை, "சத்தமாச் சிரிச்சு எத்தனை மாசமாச்சு தெரியுமா?" என்றார். தாய்மாமன் கடைசி நிறுத்தம் வரும் முன்பே தாளம் போடத் தொடங்கிவிட்டார். இன்று எங்கள் வீட்டுக்கு அதிகமாக வந்து போகிறவர் அவர்தான். அந்தப் பேண்டை நான் விட்டுக்கொடுக்காமல் இருந்ததில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி. அப்பாவும், "அது நல்ல செலவு" என்று பலமுறை சொல்லியிருக்கிறார்.

கார், விளக்கு, இரண்டாம் நாள் விருந்து ஆகியவற்றின் பணம் ஒரு கறவைப் பசுவாயிற்று. கப்பல் மாமா எங்கள் வீட்டுக்குப் பின்புறமே ஒரு கொட்டில் போட்டு வீடு வீடாகப் பால் ஊற்ற ஆரம்பித்தார். அந்தப் பசுவுக்கு என் தம்பிமார் வைத்த பெயர் 'மோட்டார்'. "மோட்டார் கன்னு போட்டிருக்கு" என்று அவர்கள் கத்திக்கொண்டு ஓடி வருவதைக் கேட்டுப் புதிதாக வந்தவர்கள் விழிப்பார்கள். இன்று மாமாவிடம் ஏழு பசுக்கள் இருக்கின்றன. எல்லாம் மோட்டாரின் வழிதான்.

எங்கள் வீட்டுப் பாலுக்குக் காசு வாங்கமாட்டேன் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். "வாங்கலேன்னா நாளையிலேர்ந்து வேற ஆளுகிட்ட வாங்குவேன்" என்று அப்பா சொன்னார். அவர் சொன்னால் செய்வார் என்று தெரிந்தபடியால் மாமா வாங்கிக்கொண்டார்.

அப்பாவின் கடைசி மாதங்கள் அமைதியாகவே கழிந்தன. தண்டவாளம் இல்லாத புதிய மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கி, அவரும் வேலையை விட்டிருந்தார். மூச்சு வாங்கும் நோய் வந்தது. படுக்கையில் இருந்தவரிடம் மாமா தினமும் ஒரு செம்புப் பால் கொண்டு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்து குடிக்க வைப்பார். காசு என்று அப்பா வாயெடுத்தால், "பேசாதீங்க, மூச்சு வாங்கும்" என்பார். அந்த விவாதத்தில் அப்பா கடைசி வரை ஜெயிக்கவில்லை. ஒரு காலைப் பொழுதில், அம்மா தலைமாட்டில் இருக்க, நாங்கள் சுற்றி நிற்க, அலுப்புத் தீரத் தூங்குகிறவர் போலக் கண் மூடினார்.

அப்பாவின் நோய்க் காலத்தில் கூப்பிட்ட நேரத்திலெல்லாம் வந்து பார்த்த டாக்டருக்கும், அவரைத் தோளில் சுமந்த டிராம் தோழர்களுக்கும், இரண்டு வாரம் எங்கள் அடுப்பைப் பற்ற வைக்கவிடாமல் சோறு கொண்டு வந்த அத்தைக்கும், என் கணவர் வீட்டாருக்கும், கூடைக் கீரையோடு வந்து வாசலில் உட்கார்ந்து அழுத அந்த அம்மாளுக்கும், எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்தருள வேண்டும்.

இந்த மலரை எளிய தாளில் அச்சிட்டால் போதும் என்று நானும் தம்பிமாரும் முடிவு செய்திருந்தோம். அப்பாவும் அதைத்தான் விரும்பியிருப்பார் என்று நினைத்தோம். முதல் பக்கத்தில் போட ஒரே ஒரு படம்தான் கிடைத்தது, டிராம் ஆட்கள் சேர்ந்து எடுத்துக்கொண்டது. அதிலிருந்து அப்பாவை மட்டும் பெரிதாக்கி வழவழப்பான தனித் தாளில் போட வேண்டும் என்றால் கூலி இரட்டிப்பாகும் என்று அச்சகத்தார் சொன்னார்கள். அப்பா இருந்தால் வேண்டாம் என்றிருப்பார் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"ஆமா, வேணாம்னுதான் சொல்லியிருப்பாரு" என்றார் அம்மா. "ஆனா இது எனக்கு வேணும். நல்ல தாள்லயே போடச் சொல்லு."